ஜெர்மன்காரர் வீட்டுச் சாவி

எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. ஆளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல ஊர்க்காரர் ஒருவர் இருந்தால் போதும், இருட்டுவதற்குள் அடுப்பு மூட்டிவிடலாம். அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான். ரயிலடியில் நிலக்கரி இறக்கி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொட்டியவன் நான். யார் வீட்டுச் சுவர் ஈரம் குடிக்கும், யார் வீட்டு நாய் சொல்லாமல் கடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஜுமாதில் கிழவர், அதாவது நான், சரி என்றால் ஊருக்குச் சரி. படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுபோனது. அதனால் ஒன்றும் குறையவில்லை.

நீங்கள் அடுப்பைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள், தம்பி. அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவர்கள் வந்ததிலிருந்து சொல்ல வேண்டும். எழுதிக்கொள்வதும் எழுதாததும் உங்கள் பாடு.

இலையுதிரும் காலத்தில் வந்தார்கள். பெய்பித், அவன் மனைவி அய்நாஷ், பள்ளிக்கூடம் போகிற வயது வராத பெண் குழந்தை அக்போதா. நாலைந்து மூட்டை, ஒரு தோம்ரா வாத்தியம். என் வெளிக்கதவைத் தட்டிவிட்டு அவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"சலாம் பெரியவரே. எஞ்சின் ஷெட்ல மெக்கானிக் வேல கெடச்சுது. வீடும் குடுக்கறோம்னாங்க. வந்து பாத்தா அந்த வீட்ல கூரையே இல்ல. நட்சத்திரம் பாக்கற உத்தியோகம்னு சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டேன்."

பேச்சிலேயே சிரிப்பு வைத்திருக்கிறவனை நான் நம்புவதில்லை. வாடகைக்கு வருகிறவன் முதலில் தலை வைக்க இடம் கேட்பான், பிறகு காலை நீட்டுவான். என் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை வீடு ஒன்று சும்மா கிடந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் என் மனைவி நூரிலா வந்து நின்று குழந்தையைப் பார்த்தாள். "கால் நனஞ்சிருக்கு, உள்ள வாங்க," என்றாள். அவ்வளவுதான். எனக்குப் பிள்ளைகள் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புதிதாகக் குடிவந்தவர்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பது எங்கள் வழக்கம். வைக்காவிட்டால் ஊர் பேசும். அன்று சாயங்காலமே நூரிலா துணி விரித்து, மாவுருண்டை பொரித்து, தேநீர் வைத்தாள். நாலு வாய் சாப்பிட்ட பிறகு எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"எந்தப் பக்கம் தம்பி நீங்க?"

"சிர் ஆத்துக் கரை, அக்கா. கஸாலி பக்கம்."

நூரிலா கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவளும் அந்தக் கரைதான். நான் பட்டாளத்தில் இருந்தபோது அங்கே பார்த்து, இங்கே கூட்டிவந்தேன். வடக்கே வந்த பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. அவள் அம்மா இறந்தபோது இங்கே வைக்கோல் அறுப்பு. போக முடியவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"எந்த வம்சம்? பேரு சொல்லு, ஏழு தலமொறயும் சொல்லு."

அவன் விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். அப்பா பேர், தாத்தா பேர், அவர் அப்பா பேர். ஐந்தாவது விரல் மடங்கியதும் நூரிலா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஐந்தாவது ஆள் அவளுக்கும் ஐந்தாம் தலைமுறைப் பாட்டன்.

"அடப்பாவி," என்றாள். "வாசல்ல வந்து வாடகைக்கு எடம் கேட்டு நிக்கிறியே. நீ எங்கூடப் பொறந்தவன்டா."

எழுந்து போய் அவன் தலையைப் பிடித்து நெற்றியை முகர்ந்தாள். அழுதாள். அவள் பிறந்த வீட்டு ஆட்களில் அப்போது யாரும் மிச்சமில்லை. அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். "அப்ப நீங்க எனக்கு அத்தான். பெரியவரேன்னு சொன்னதெல்லாம் தள்ளுபடி. அக்கா புருஷன்னா கேலி பண்ணலாம், தொப்பியத் தட்டிவிடலாம், யாரும் கேக்க முடியாது. என்ன அத்தான், சரிதான?"

வழக்கம் அப்படித்தான் இருக்கிறது. மச்சினன் எவ்வளவு கேலி பேசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொள்கிறவன்தான் சிறுத்துப்போவான். நான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். நூரிலா பேசுகிறவள் இல்லை. நாற்பது வருஷம் என் வீட்டில் சத்தம் இருந்ததில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் வந்த பிறகு காலையில் பால் கறக்கும்போதே பேச்சு தொடங்கிவிடும். எனக்கு மீன் ஆகாது என்பதால் என் வீட்டில் மீன் வெந்ததில்லை. இப்போது சோறும் மீனும் அவர்கள் பக்கம் வெந்து, அவள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். அவன் வேலை முடிந்து வந்து தோம்ராவை எடுத்தால் இவள் பாடுவாள். முதல் நாள் நான் முற்றத்தில் நின்று, யாரோ விருந்தாளிப் பெண் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நாற்பது வருஷம் அந்தப் பாட்டு என் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. ஒரு நாளாவது எனக்கு அவள் பாடிக் காட்டியிருக்கலாம். நான் பாடச் சொல்லிக் கேட்டதில்லைதான். கேட்டுத்தான் செய்ய வேண்டுமா என்ன?

குளிர்காலக் கறிக்கென்று வளர்த்த குதிரையை அறுத்தோம். பெய்பித் அப்போது ஊரில் இல்லை, நடுவழியில் எஞ்சின் நின்றுபோய்ப் பழுது பார்க்கப் போயிருந்தான். விலாக்கறியை உப்பும் பூண்டும் போட்டுக் குடலில் அடைத்துக் காயவைத்தோம். எல்லாவற்றிலும் கொழுப்பேறிய ஒன்று மட்டும் தனி ஆணியில் தொங்கியது.

"அது எதுக்குத் தனியாத் தொங்குது?"

"பெய்பித்தோட பங்கு."

ஊரில் இல்லாத பிரியமானவருக்கென்று வீட்டுப் பெண்ணே எடுத்துவைக்கிற பங்கு அது. யாரும் தொடக் கூடாது. என் வீட்டில் அதுவரை யாருக்கும் அப்படித் தொங்கியதில்லை.

"வாடகைக்கு இருக்கறவனுக்கெல்லாம் பங்கா?"

"அவன் என் பொறந்த வீடு," என்றாள். "எனக்குன்னு எடுத்து வைக்க ஒரு ஆள் வந்திருக்கான். அதுல உங்களுக்கு என்ன நோவு?"

நோவு ஒன்றும் இல்லை. தினமும் மாவு எடுக்கப் போகும்போது அது முகத்துக்கு நேரே தொங்கியது, அவ்வளவுதான்.

அவன் திரும்பி வந்ததும் அதை வேகவைத்து விருந்து வைத்தாள். பக்கத்து வீட்டு ஸாவ்ரெஷும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். கதவுக்கு எதிரே இருக்கும் மேலிடத்தில் பெய்பித்தை உட்காரவைத்தாள். அவன் கறியை அரிந்து எல்லோருக்கும் தள்ளினான். விருந்து முடியும்போது பெரியவர்கள் ஒரு கை கறி அள்ளிச் சின்னவர்கள் வாயில் ஊட்டுவது வழக்கம். ஆசீர்வாதம் மாதிரி. என்னைச் சுற்றிச் சின்னவர்கள் இருந்ததில்லை, அதனால் நான் ஊட்டியதும் இல்லை. அன்று குழந்தை அக்போதா இருந்தாள். நான் கையில் கொஞ்சம் எடுத்தும் வைத்திருந்தேன். அதற்குள் அவன் பெரிதாக ஒரு கை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அத்தான், ஆ காட்டுங்க. மேலிடத்துல நான்தான் இருக்கேன், இன்னிக்கு நீங்கதான் எனக்குச் சின்னப் பையன்."

"டேய், பல்லு இருக்கான்னு பாத்து ஊட்டு," என்றாள் ஸாவ்ரெஷ். "அந்தாளு உன் வெரலயும் சேத்துக் கடிச்சு முழுங்கிருவாரு."

"கடிக்கட்டும்கா. என் வெரல்ல இருக்கறதும் அக்கா வீட்ல போட்ட கறிதான."

வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது. கொழுப்பு தாடியில் வழிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நூரிலா சிரித்துச் சிரித்துத் தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் பல் முழுவதையும் அன்றுதான் பார்த்தேன். என் கையில் இருந்த கறியை யாரும் கவனிக்கவில்லை. ஆறிப்போனது. தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

முதல் பனி விழுந்ததும் பெய்பித்தைக் கூப்பிட்டு, என் தம்பி மகன் குடும்பத்தோடு வருகிறான், வீடு வேண்டும் என்றேன். அவன் முகம் சுளிக்கவில்லை.

"சரி அத்தான். உங்க வீடு, உங்க ரத்தம். நாங்க வேற எடம் பாத்துக்கறோம். நீங்க நாலு பேர்கிட்ட எங்களப் பத்தி ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

சொன்னேன். ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆள் எப்படி என்றார்கள். வேலைக்காரன், குடிக்க மாட்டான், கொஞ்சம் இருமுவான் என்றேன். ஷெட் புகையில் யார்தான் இரும மாட்டார்கள். எச்சில் துணியில் ரத்தம் பார்த்தீர்களா என்று ஸாவ்ரெஷ் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. "உன் வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு, நீயே யோசிச்சுக்கோ" என்றேன். எங்கள் ஊரில் காசநோய் தின்னாத வீடு கிடையாது. நான் அந்தப் பெயரைச் சொல்லக்கூட இல்லை.

அய்நாஷ் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக நின்றாள். ஸாவ்ரெஷின் பின்பக்க அறை காலி என்பது எல்லோருக்கும் தெரியும். நான் எதிர்ப்பக்கம் பனி தள்ளிக்கொண்டிருந்தேன், பேச்சு காதில் விழுந்தது.

"அறையக் குடுத்துட்டோம் கண்ணு. சொந்தக்காரங்க வர்றாங்க."

"இந்த ஊர்ல எல்லார் வீட்டுக்கும் ஒரே நாள்ல சொந்தக்காரங்க வர்றாங்களே அக்கா. நாங்க என்ன தப்பு பண்ணோம், அத மட்டும் சொல்லிடுங்க."

"தப்பெல்லாம் இல்லடி. மொதல்ல உம் புருஷன நல்ல டாக்டர்கிட்டக் காட்டு. சீக்கிரம் காட்டு."

"அவருக்கு என்ன?"

ஸாவ்ரெஷ் கதவைச் சாத்திக்கொண்டாள். அய்நாஷ் அங்கேயே நின்றாள். குழந்தை என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. நானும் ஆட்டினேன்.

நான் கணக்குத் தப்பியது ஒரே இடத்தில்தான். வீடு கிடைக்காவிட்டால் அவர்கள் ஊருக்கே திரும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பெய்பித் வேலையை விடுவதாக இல்லை. அங்கே ஆற்றில் தண்ணீரும் இல்லை, வேலையும் இல்லை, அவன் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் அவன் சம்பளத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ரயில் நிலையத்தில் படுத்துக்கொள்கிறோம் என்றான். அன்று நூரிலா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க தம்பி மகன் ரஷ்யாவுக்குப் போயில்ல இருக்கான். எப்ப வர்றான்?"

"வருவான்."

"வரட்டும், நல்லா இருக்கட்டும். இவங்க ஸ்டேஷன்ல படுத்தா நானும் கூடப் போய்ப் படுப்பேன். இவங்க கஸாலிக்குப் போனா நானும் அதே ரயில்ல ஏறுவேன். அம்மா சமாதிய இன்னும் பாக்கல நான்."

"இந்த வயசுலயா?"

"வயசானா ரயில்ல ஏத்த மாட்டாங்களா?"

குரலை உயர்த்தவில்லை அவள். உயர்த்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அவள் சொன்னால் செய்வாள். நாற்பது வருஷம் எனக்கென்று இருந்தவள், நேற்று மூட்டையோடு வந்தவனுக்காகப் போய்விடுவாள். அவர்கள் இங்கே இருந்தாலும் அவள் எனக்கில்லை, போனாலும் இல்லை. இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள், தம்பி. யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள்.

ஊர்க் கோடியில் கென்ரிக்கின் வீடு. போர்க்காலத்தில் இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்ட ஜெர்மன்காரர்கள் எல்லோரும் அவர்கள் நாட்டுக்குத் திரும்பிப் போனபோது அவனும் போனான். நல்ல வீடு, வெள்ளையடித்து, நீல ஜன்னல் வைத்தது. சாவியை என்னிடம்தான் கொடுத்தான். கொடுக்கும்போது சொன்னான்: "ஜுமாதில், புகைபோக்கி உள்ள இடிஞ்சு கெடக்கு. வெளிய பாத்தாத் தெரியாது. யார வச்சாலும் அதப் பிரிச்சுக் கட்டாம அடுப்பு பத்த வைக்க விடாத. ஆளக் கொன்னுடும்." சொல்கிறேன் என்றேன். நீங்கள் கேட்டது இதுதானே? ஆமாம், எனக்குத் தெரியும்.

சாவியைப் பெய்பித்திடம் கொடுத்தேன். வாடகை வேண்டாம், குளிர்காலம் முழுக்க இருங்கள் என்றேன். ஊரே என்னைப் பாராட்டியது. நோயாளி என்று தெரிந்தும் கொடுக்கிறாரே, பெரிய மனசு என்றாள் ஸாவ்ரெஷ். சறுக்குவண்டியில் ஒரு மூட்டை நிலக்கரி நானே இழுத்துக்கொண்டு போனேன். நல்ல கரி, அணையாமல் நின்று எரியும். அவர்கள் ஊரில் பாலைவன விறகுதான் எரிப்பார்கள், கரி பழக்கமில்லை. அடுப்பை நானே மூட்டிக் கொடுத்தேன். அய்நாஷ் ஜன்னலுக்குத் துணி மாட்டிக்கொண்டிருந்தாள், சொந்த வீட்டுக்கு மாட்டுகிற மாதிரி மடிப்பைச் சரிபார்த்துப் பார்த்து.

"அத்தான், பொக உள்ளயே சுத்துதே?" என்றான் அவன்.

"ரொம்ப நாளா எரியாத அடுப்பு. சூடு ஏறினா இழுத்துக்கும்."

"கொஞ்சம் ஜன்னலத் தொறந்து வைக்கட்டுமா?"

"தொறந்தா வெறச்சுப் போவீங்க. இது சிர் ஆத்துக் கரை இல்ல. இடுக்கெல்லாம் துணி வச்சு அடச்சுக்கோ."

அவன் நெஞ்சோடு நெஞ்சாக என்னைக் கட்டிக்கொண்டான். "உங்களத் தப்பா நெனச்சுட்டேன் அத்தான். நாங்க இருக்கறது உங்களுக்குப் புடிக்கலன்னு அய்நாஷ்கிட்டச் சொன்னேன். மன்னிச்சுக்கங்க."

எனக்குச் சங்கடமாக இருந்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் குழந்தை எங்கள் அடுப்போரம் உட்கார்ந்திருந்தது. சளி பிடித்திருந்தது. வீடு சூடேறும்வரை இங்கே இருக்கட்டும் என்று நூரிலா நிறுத்திக்கொண்டிருக்கிறாள். பிள்ளை பெற்றவளோடு இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அதில் தப்பில்லை, எல்லோரும் சொல்வதுதான். குழந்தைக்குக் கோட்டு மாட்டிவிட்டேன், கம்பளி பூட்ஸும் போட்டுவிட்டேன். நூரிலா வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "இன்னிக்கு எங்கூடப் படுக்கட்டும்," என்றாள். நான் மறுபடி மாட்டினேன். அவள் மறுபடி கழற்றினாள். இருட்டிவிட்டது. விட்டுவிட்டேன்.

மறுநாள் வேலைக்கு வரவில்லை என்று ஷெட்டிலிருந்து ஆட்கள் வந்து கதவை உடைத்தார்கள். கரிப்புகையின் விஷம் ஏறி முகம் சிவந்து, உறங்குகிறவர்கள் போலப் படுத்திருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில். தெற்கத்தி ஆட்கள், கரி அடுப்பின் புகைவழியை எப்போது மூடுவதென்று தெரியாமல், கரி கனலும்போதே மூடிவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. நான் அப்படிச் சொல்லவில்லை. காரியத்துக்கு என் கிடாயைத்தான் அறுத்தேன்.

பிறகு எல்லாம் பழையபடி ஆகும் என்றுதான் இருந்தேன். நூரிலா பேசவில்லை, முன்பு பேசாதது போலவே. போன வாரம் கென்ரிக் போன் செய்தான். யார் மூலமோ கேள்விப்பட்டிருக்கிறான். எடுத்தது நூரிலா. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். உங்களிடம் யார் சொன்னது என்று நான் கேட்க மாட்டேன், தம்பி. என் வீட்டில் இருக்கிற பெரியவர்கள் இரண்டு பேர்தான்.

அன்றிலிருந்து எனக்குத் தேநீரை விளிம்புவரை ஊற்றுகிறாள். நீங்களும் நம்ம ஆள்தான், உங்களுக்குத் தெரியும். கிண்ணத்தில் பாதி ஊற்றினால் இரு, இன்னும் கேள் என்று அர்த்தம். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். அவளுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, அதனால்தான் நிறைகிறது. குழந்தைக்கு ஊற்றும்போது பாதியில் சரியாக நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்ப ஊற்றுகிறாள். அது குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் குழந்தைக்கு எங்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஐந்து தலைமுறைக்கு முன்னால் செத்தவனை வைத்து உறவு சொல்ல முடியுமா? கரகந்தாவில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் இருக்கிறதாம், சாப்பாடு நன்றாக இருக்குமாம். உங்களைப் போன்ற போலீஸ் அதிகாரிகள் ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துக்கொள்வார்கள். உங்களால் முடியாவிட்டாலும் பரவாயில்லை, தம்பி. என்னை இன்று வீட்டுக்கு அனுப்புங்கள், நானே அந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் பார்த்துக் கொடுக்கிறேன்.